வாயின் உட்சவ்வும் உழைப்பின் வரலாறும்: வெற்றிலை, பாக்கு, புகையிலை பற்றிய ஒரு நோக்கு

உடல் இயற்கைக்குரியது, வரலாறு சமுதாயத்துக்குரியது என இரண்டையும் வேறுபிரித்து வைக்கும் வழக்கம் நமது கல்வியுலகில் இன்னும் ஆழ வேரூன்றியுள்ளது. இலக்கிய மாணவர் நூல்களோடும் மருத்துவ மாணவர் உடலோடும் அமைந்துவிடுகின்றனர். ஆயின், மனிதர் எதனை விளைவித்தனர், எதனை விற்றனர், எதனை எவ்வளவு நேரம் மென்றனர் என்பன ஏட்டில் மட்டுமன்றி உடலின் இழையங்களிலும் பதிவாகின்றன. வாயின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள சீதமென்சவ்வு அத்தகைய பதிவுகளுள் ஒன்று. அச்சவ்வின் அமைப்பையும் அதிற் காணப்படும் மாற்றங்களையும் தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றின் பொருளாதார வரலாற்றோடு இணைத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். வாய்ப் புற்றுநோய்க்குத் ‘தீய பழக்கம்’ ஒன்றே காரணம் எனக் கூறி அமைதல் அந்நோயின் வரலாற்றை மறைப்பதாகும் என்பதே இங்கு நிறுவ முயலப்படும் கருத்து.

1

முதலிற் சவ்வின் இயல்பை அறிதல் வேண்டும். அதன் மேற்பரப்பு படைகொண்ட செதின் மேலணியால் ஆனது. அதன் கீழே தொடுப்பிழையம் அமைந்துள்ளது. தொழிலுக்கேற்ப இச்சவ்வு மூவகைப்படும். கன்னங்கள், உதடுகளின் உட்புறம், நாவின் அடிப்பக்கம், வாயின் தளம், மென்னண்ணம் ஆகியவற்றைப் போர்த்துவது உட்போர்வைச் சவ்வு. முரசையும் வன்னண்ணத்தையும் மூடுவது மெல்லுதற்குரிய சவ்வு. நாவின் மேற்பரப்பில் நுண்முளைகளையும் சுவையரும்புகளையும் தாங்கி நிற்பது சிறப்புச் சவ்வு. வாயின் மொத்தப் பரப்பில் முதலாவது ஏறத்தாழ 60 வீதத்தையும், இரண்டாவது 25 வீதத்தையும், மூன்றாவது 15 வீதத்தையும் கொள்ளும் எனப் பாடநூல்கள் கணிக்கின்றன.

இவ்வேறுபாடு வெறும் வகைப்படுத்தல் அன்று. உணவின் உராய்வை நேரடியாகத் தாங்கும் முரசும் வன்னண்ணமும் கெரற்றின் என்னும் உறுதியான புரதத்தாலான மேற்படையைப் பெற்றுள்ளன. அடியிலுள்ள என்போடு இறுகப் பிணைந்தும் உள்ளன. கன்னத்தின் சவ்வுக்கு அக்காப்பு இல்லை. அது நெகிழ்வதற்கும் விரிவதற்கும் அமைந்தது. அதன் மேலணி ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றது. விரைவாகப் புதுப்பிக்கப்படும் இழையம் விரைவாக ஆறும். ஆயின் இடையறாது புண்படுத்தப்படும்போது அதன் கலங்கள் பிறழ்வதற்கான வாய்ப்பும் மிகும். வெற்றிலைச் சுருளை அடக்கி வைக்கும் இடம் கன்னத்துக்கும் கீழ் முரசுக்கும் இடைப்பட்ட பள்ளம் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. காப்புக் குறைந்த சவ்வின்மீதே நஞ்சு நெடுநேரம் தங்குகின்றது.

நலமுள்ள சவ்வு இளஞ்சிவப்பாக இருக்கும். கருநிறத் தோலுடைய மக்களிடம் முரசிலும் கன்னத்திலும் காணப்படும் கபிலநிறத் திட்டுக்கள் இயல்பானவை; நோயல்ல. பற்கள் பொருந்தும் மட்டத்தில் ஓடும் மெல்லிய வெண்கோடும், கன்னத்திற் காணப்படும் சிறு மஞ்சட் புள்ளிகளும் அவ்வாறே இயல்பானவை. சவ்வு முழுவதும் வெளிறியிருத்தல் குருதிச்சோகையைக் குறிக்கலாம். துடைத்தாலும் நீங்காததும் வேறெந்த நோயாலும் விளக்கவியலாததுமான வெண்படைக்கு லூக்கோப்பிளேக்கியா என்னும் பெயரை ஹங்கேரிய மருத்துவர் சுவிம்மர் 1877இல் வழங்கினார். செம்பட்டுப் போன்ற சிவந்த படை இதனிலும் அரிதாயினும் புற்றாக மாறும் அபாயம் அதற்கே மிகுதி.

மற்றொன்று சவ்வடி நார்ப்பெருக்கம். முதலில் உறைப்பு வாயிற் படும்போது எரிவு தோன்றும். பின்னர் சவ்வு பளிங்குபோல் வெளிறும். விரலால் தடவுகையில் கன்னத்தினுள் நார்க்கயிறுகள் தட்டுப்படும். வாய் சிறுகச் சிறுக மூடிக்கொள்ள, ஒரு கவளம் சோற்றை வைப்பதும் இடர்ப்பாடாகும். பாக்கிலுள்ள அரெகோலீன் என்னும் அற்கலோயிட்டு நார்களை ஆக்கும் கலங்களைத் தூண்ட, பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் அந்நார்களைச் சிதையவிடாது இறுக்குகின்றன. மெல்லுதலை நிறுத்தினாலும் இறுகிய சவ்வு பழைய நெகிழ்ச்சியைப் பெறுவதில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 17 ஆண்டுகள் நோயாளரைத் தொடர்ந்து அவதானித்து 1985இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர்களுள் 7.6 வீதத்தினருக்குப் புற்றுநோய் ஏற்பட்டதைக் காட்டியது.

2

வெற்றிலையும் பாக்கும் தமிழர் வாழ்விலே தொன்மையானவை. சிலப்பதிகாரத்தில், மாதரி இல்லத்தில் உணவுண்ட கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் அளிக்கின்றாள். அங்கு தாம்பூலம் உணவின் நிறைவு, இல்லறத்தின் குறியீடு. ஆயின் அக்கண்ணகியின் கையிற் புகையிலை இருந்திருக்க முடியாது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அப்பயிர் ஐரோப்பிய வணிகரின் வருகைக்குப் பின்னரே நமது கரைகளை அடைந்தது. புகைப்பதற்கான இலை என்று பெயர் பெற்ற அது நம்மிடையே மெல்லப்படும் இலையாகவும் ஆயிற்று. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலை விடு தூது பாடும் அளவுக்கு அது பண்பாட்டில் இடம்பிடித்துக்கொண்டது. கடல்வழி வந்த ஒரு பண்டம் தூதுப் பிரபந்தத்தின் பொருளாவது, வாணிக மாற்றம் இலக்கிய மேற்கட்டுமானத்தில் எவ்வளவு விரைவாக வெளிப்படும் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இப்பண்டங்களின் விரிவுக்கு அரசுகளின் வருவாய்த் தேவை துணைநின்றது. இலங்கைப் பாக்கு தென்னிந்தியாவுக்குச் சென்ற முதன்மையான ஏற்றுமதிகளுள் ஒன்று. ஒல்லாந்தர் அதன் வாணிகத்தைத் தமது ஏகபோகமாக்க முயன்றனர். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. கிணற்றுநீரைத் துலாவால் இறைத்து விளைவிக்கப்பட்ட அப்பயிருக்கு ஓயாத மனித உழைப்பு வேண்டியிருந்தது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பட்ட தேசவழமை அடிமைகளைச் சொத்தாகக் கருதிய சமுதாயம் ஒன்றைக் காட்டுகின்றது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேயே. ஆகவே, துலா மிதித்தவர் யாவர், நிலத்துக்கு உரியவர் யாவர் என்ற வினாவைத் தவிர்த்துப் புகையிலைச் செல்வத்தைப் பற்றிப் பேசவியலாது. மறுகரையில் திருவிதாங்கூர் அரசு புகையிலை விற்பனையைத் தனது ஏகபோகமாக வைத்திருந்தது. 1860களிலேயே அம்முறையைக் கைவிட்டது. மக்களின் ‘பழக்கம்’ என்று பின்னர் இழிக்கப்பட்டது, அதற்கு முன்னர் அரசின் கருவூலத்தை நிரப்பிய வருவாய் மூலமாக இருந்தது.

3

நோய் பற்றிய மருத்துவப் பதிவுகளுட் சிலவும் இதே நிலப்பரப்பிலிருந்து எழுந்தமை தற்செயலன்று. 1902இல் நிப்லொக் என்னும் மருத்துவர் சென்னையிற் கண்ட புற்றுநோய்கள் பற்றி எழுதினார். 1908இல் பென்ரல், திருவிதாங்கூரிற் கண்ட 1,700 நோயாளரைப் பற்றிய சுருக்கத்தை வெளியிட்டார். 1933இல் ஓர் என்பவர் திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப் புற்றுநோயைத் தனியாக ஆராய்ந்தார். ஐரோப்பியரிடம் நாவிலும் வாயின் தளத்திலும் பெரிதும் தோன்றிய நோய் இங்கு கன்னத்திலே தோன்றியது. சுருளை அடக்கும் இடமே நோயின் இடமும் ஆயிற்று.

எனினும் நோய்க்குப் பெயரிடும் முறையிலே கருத்துநிலை தொழிற்படுதலை நாம் காணலாம். 1952இல் சுவாட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் வாய்ச் சவ்வு இறுகுதலைக் கண்டு, அதனைக் ‘காரணமறியா வெப்பமண்டலத் தேய்வு’ என்னும் பொருளில் இலத்தீனிலே பெயரிட்டார். வெப்பமண்டலம் என்ற சொல் இங்கு எதனையும் விளக்கவில்லை. விளக்கம் இருக்கவேண்டிய இடத்தை நிரப்புகின்றது. அடுத்த ஆண்டில் பம்பாயில் ஜோஷி அதே நிலையைச் சவ்வடி நார்ப்பெருக்கம் என இழையத்தின் அடிப்படையிற் குறித்தார். டென்மார்க்கைச் சேர்ந்த பின்ட்போர்க் இந்திய ஆய்வாளரோடு இணைந்து 1966இல் அதன் வரைவிலக்கணத்தை வகுத்தார். மிளகாயும் ஊட்டக்குறைவும் நெடுங்காலம் ஐயுறப்பட்டன. இறுதியிற் பாக்கே முதன்மைக் காரணம் எனத் தெளிவாயிற்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இற் புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருளையே புற்றாக்கி என ஏற்றது. புகையிலை சேராத சுருளும் பாக்கும் புற்றாக்கிகளே என்னும் முடிவு 2004இல் வெளிவந்த அதன் அறிக்கையிலேயே இடம்பெற்றது.

4

பாக்கு எந்த வர்க்கத்தவரின் வாயிலும் ஒரே வேதியியலின்படியே தொழிற்படும். வர்க்கம் நோயை உண்டாக்குகின்றது எனக் கூறுவது கொச்சையான பொருள்முதல்வாதமாகும். பண்ணையாரும் வெற்றிலை தரித்தார். அரண்மனையிலும் தாம்பூலத் தட்டு இருந்தது. வினா அதுவன்று. யார் எவ்வளவு, எதனோடு சேர்த்து, எத்தனை மணி நேரம், எத்தேவைக்காக மென்றனர் என்பதே வினா. உணவின் பின் ஓய்வாக மென்று துப்பும் தாம்பூலமும், புகையிலை சேர்த்து விடியல் முதல் அந்திவரை கன்னத்தில் அடக்கும் சுருளும் பெயரளவிலேயே ஒன்று.

மலையகத்திலே இவ்வேறுபாடு துலக்கமாகின்றது. 1869 முதற் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை மலைகளை மூடியது. கோப்பிக் காலத்திற் பருவத்துக்கு வந்து மீண்ட தொழிலாளர் தேயிலைக் காலத்தில் ஆண்டு முழுவதும் லயன்களிற் குடியிருத்தப்பட்டனர். கங்காணியின் முற்பணம் அவர்களைக் கடனாற் பிணைத்தது. ஒரு தோட்டத்தின் கடனை மற்றொரு தோட்டம் பொறுப்பேற்று ஆளை மாற்றிக்கொள்ள உதவிய துண்டுமுறை 1921இலேதான் சட்டத்தால் நீக்கப்பட்டது. விடியற் குளிரிற் பெரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு உடலிற் சூட்டையும் விழிப்பையும் தரும், பசியை மறக்கச் செய்யும் ஒரு பொருள் தேவைப்பட்டது. பாக்கின் அற்கலோயிட்டு இவற்றையெல்லாம் செய்யவல்லது. கொழுந்து பறிப்பவளின் இரு கைகளும் செடியின்மீதே இருக்கும். அவள் சுருட்டுப் பற்றவைக்க இயலாது. தேநீர் அருந்தவும் மலையைவிட்டு இறங்க இயலாது. வாய் மட்டுமே அவளுக்கு எஞ்சியிருந்தது. அவள் பறித்த இலையைப் பருகிப் பிரித்தானியத் தொழிலாளி களைப்பாறினான். அவளோ மற்றோர் இலையை மென்று களைப்பை மறந்தாள். இரண்டுமே வேலைநாளின் நீளத்தைத் தாங்குவதற்கான மலிவான வழிகள்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவரின் நோய் அரசியலில் எடைபெறுவதில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளுக்குச் சென்றது. உடைமை மாறிய ஒவ்வொரு முறையும் நாட்சம்பள அமைப்பு பெரும்பாலும் மாறாதே நின்றது.

5

வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடையே முதலிடம் பெறும் புற்றுநோய். எனினும் உடலின் வேறெந்தப் புற்றுநோயையும்விட இதனை எளிதிற் கண்டறியலாம். வெளிச்சமும் இரண்டு சிறு கண்ணாடிகளும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளிவந்த இலங்கை ஆய்வொன்று இதனை நிறுவியது. பயிற்றப்பட்ட ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் 28,000க்கும் மேற்பட்ட கிராமத்தவரின் வாய்களைச் சோதித்து ஐயத்துக்குரிய மாற்றங்களை இனங்கண்டனர். ஆயின் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களிற் கணிசமானோர் அங்கு செல்லவில்லை. இதனை அறியாமை என்று எளிதிற் கூறிவிடலாம். வலியில்லாத ஒரு வெண்படைக்காக ஒரு நாட்கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்க வேண்டியவரின் கணக்கை அவ்விளக்கம் காணத் தவறுகின்றது. நிறுவை குறைந்தால் அரைப்பேர் போடப்படும் தோட்டத்திலே அக்கணக்கு இன்னும் கடியது.

2016இல் மெல்லும் புகையிலைப் பண்டங்களின் உற்பத்தியும் விற்பனையும் இலங்கையிலே தடைசெய்யப்பட்டன. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் பாக்கு தன்னளவிலே புற்றாக்கி என்பது தெளிவான பின்னர் இத்தடை பாதி வழியே ஆகும். மேலும், பண்டத்தை விலக்குவது அதனை வேண்டச்செய்த வேலைநாளை மாற்றுவதற்கு ஈடாகாது. வாய்ப் பரிசோதனைக்குச் செல்லும் நாளுக்கு முழுப்பேர் வழங்குதல், பரிசோதனையைத் தோட்ட மருந்துச்சாலைக்கே கொண்டுவருதல், கொழுந்து மலையிலேயே ஓய்வும் சூடான பானமும் கிடைக்கச் செய்தல் ஆகியன புகையிலைத் தடையோடு உடன்வைத்து எண்ணப்பட வேண்டியவை. தொழிற்சங்கங்கள் இவற்றைச் சம்பளக் கோரிக்கைகளுக்குப் புறம்பானவையாகக் கருதலாகாது.

ஆய்வாளர்க்கும் இதிற் கடமையுண்டு. மலையக நாட்டார் பாடல்களை ஆராயும் நாம், அவற்றைப் பாடியவர்களின் வாய்களைப் பற்றி அதிகம் சிந்தித்ததில்லை. பல் மருத்துவரின் நோயாளர் குறிப்பும், தோட்டத்துச் செக்குறோல் ஏடும், துறைமுக ஏற்றுமதிக் கணக்கும், புலவரின் பிரபந்தமும் ஒரே மேசையில் விரிக்கப்படுமாயின், பழக்கம் என்று நாம் அழைத்து வந்தது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பது புலப்படும். ஆக்கப்பட்டது எதுவோ அது மாற்றப்படவும் கூடும். இறுகிய சவ்வை மீள நெகிழ்விக்க மருத்துவத்தால் இன்று முழுமையாக இயலவில்லை. அடுத்த தலைமுறையின் சவ்வு இறுகாதிருக்கச் செய்வது மருத்துவத்துக்கு மட்டுமே உரிய பணியும் அன்று.