இடம் மாறி அமர்ந்த மிருதங்கம்

ஆலயமும் இசையும் தமிழர் வாழ்வில் பிரித்தற்கரியவை. கொடியேற்றம் முதல் கொடியிறக்கம் வரை நாதசுரமும் தவிலும் ஒலிக்காத வேளை நம் ஆலயத்தில் இல்லை. சுவாமி புறப்பாட்டின்போது தவில் வித்துவானைச் சற்றே உற்று நோக்கும் மெய்யன்பர்களுக்கு ஒன்று விளங்கும். அவர் வலக்கை விரல்களில் கூடு அணிந்து வலந்தலையை வாசிப்பார். இடக்கையில் கழி ஏந்தித் தொப்பியை முழக்குவார். மிருதங்கத்திலும் அவ்வாறே. நுட்பமான சொற்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. கும்மென்ற நாதம் இடக்கைக்கு. திருநீறு பெறுவதும் வலக்கையால், பிரசாதம் வாங்குவதும் வலக்கையால். இத்தகைய ஒழுங்கினுள் பிறந்த ஒரு குழந்தைக்கு இடக்கையே முந்துமானால் என் செய்வது?

இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகளுள் ஒருவராக இசையுலகம் போற்றும் இப்பெரியார், பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உடையவர்.

அவர் தோன்றிய மரபு எளியதன்று. பசனை மடங்களில் தட்டப்பட்டு வந்த கஞ்சிராவை, பலா மரச் சட்டமும் உடும்புத் தோலும் கொண்ட அச்சிறு கருவியை, கச்சேரி மேடையில் ஏற்றி வைத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. மாரியப்பத் தவில்காரரிடம் பயின்ற அவர், தவிலின் கணக்கு வழக்குகளைக் கஞ்சிராவுக்குக் கொண்டுவந்தார். அவர்தம் மாணாக்கருள் ஒருவர் மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் வல்லவரான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936). மற்றொருவர் பழநி முத்தையா பிள்ளை. அந்த முத்தையா பிள்ளையின் மைந்தரே நம் சுப்பிரமணிய பிள்ளை.

மைந்தன் இடக்கையால் வாசிப்பதைக் கண்டு தந்தையாரே தயங்கினார் என்பது இசையுலகில் வழிவழியாக வழங்கும் செய்தி. அத்தயக்கத்துக்குக் காரணம் வெறும் சகுன நம்பிக்கை மட்டுமன்று. மேடையின் அமைப்பும் ஒரு காரணம். பாடகருக்கு வலப்புறம் மிருதங்கமும் இடப்புறம் வயலினும் அமர்வது வழக்கம். வலப்புறத்தில் பாடகரை நோக்கி அமரும் மிருதங்கக் கலைஞரின் வலக்கை அவையோரின் பக்கம் இருக்கும். ஆகவே வலந்தலையின் தெளிவான ஓசை நேரே அவையைச் சேரும். இடக்கைக் கலைஞர் அதே இடத்தில் அமர்ந்தால் அவரது வலந்தலை பின்சுவரைப் பார்க்கும். அவையோருக்குத் தொப்பியே மிஞ்சும். இதனைச் சரிசெய்ய அவர் பாடகரின் இடப்புறம் மாற வேண்டும். அவர் மாறினால் வயலின் வித்துவான் வலப்புறம் வந்தாக வேண்டும். அப்போது வில் பிடிக்கும் கை அவையை மறைக்க, வயலினின் ஓசை உள்முகமாகப் போய்விடும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இது சிறு தொல்லையன்று. ஆகவே, ‘உமக்காக நாங்கள் ஏன் இடம் மாற வேண்டும்?’ என்ற எண்ணம் பக்கவாத்தியக்காரர்களுக்கு எழுந்ததில் வியப்பில்லை. வித்தை இருந்தும் சுப்பிரமணிய பிள்ளைக்குத் தொடக்கத்தில் வாய்ப்புகள் அரிதாயிருந்தமைக்கு இதுவே காரணம்.

இத்தடையை உடைத்தவர்களுள் முதன்மையானவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தம் கச்சேரிகளில் அவருக்கு இடமளித்து, உடன் வாசிப்போரையும் இணங்கச் செய்தார். கணீரென்ற சாரீரத்துக்குப் பெயர் பெற்ற செம்பை, பிறரைக் கைதூக்கி விடுவதிலும் அதே அளவு தாராளமானவர். பின்னாளில் ஜி. என். பாலசுப்பிரமணியம் போன்ற முன்னணிப் பாடகர்களும், பல்லவியிலும் லயத்திலும் கைதேர்ந்த ஆலத்தூர் சகோதரர்களும் பழநியின் மிருதங்கத்தை விரும்பி அழைத்தனர். மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, இவர் கஞ்சிரா ஏந்தி உடன் அமர்ந்த கச்சேரிகளை மூத்தோர் நெடுங்காலம் பேசி மகிழ்ந்ததுண்டு.

அவர் வாசிப்பில் எல்லாரும் வியந்தது தொப்பியில் எழுந்த கும்கி. கையை அழுத்தி நகர்த்தும்போது ஓசை வளைந்து எழும் அந்த நாதம் அவருக்குக் கைவந்த கலை. பிறருக்குத் தொப்பியில் இருப்பது இடக்கை, இவருக்கோ வலக்கை. அந்தக் கும்கி அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என நான் எண்ணுவதுண்டு. இஃது என் ஊகமே, வித்துவான்கள் பொறுத்தருள்க.

மிருதங்கக் கலைஞர் ஒருவருக்குச் சென்னை மியூசிக் அகாதமி முதன்முதலில் சங்கீத கலாநிதி விருது அளித்தது 1966ஆம் ஆண்டில். அதைப் பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். அப்போது சுப்பிரமணிய பிள்ளை மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆயினும் அவர் கை கடல் கடந்தது. அவருடைய மாணாக்கரும் நாட்டியப் பேரரசி பாலசரசுவதியின் இளவலுமான தி. ரங்கநாதன் 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். மற்றொரு மாணாக்கர் திருச்சி சங்கரன். 1942ஆம் ஆண்டு திருச்சிக்கு அருகிலுள்ள பூவாளூரில் பிறந்த இவர், பதின்மூன்றாம் வயதில் ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் தம் குருநாதருடன் அமர்ந்து அரங்கேறியவர். சங்கரன் வலக்கையர். இடக்கைக் குருவின் எதிரே வலக்கைச் சீடர் அமர்ந்தால் கண்ணாடியைப் பார்ப்பது போலத்தான். குருவின் வலந்தலையும் சீடரின் வலந்தலையும் ஒரே பக்கம் இருக்கும். தந்தையார் தயங்கிய அந்தக் கை, சீடருக்கு எத்துணை எளிய பாடமாகியிருக்க வேண்டும்!

சங்கரன் 1971ஆம் ஆண்டு கனடா சென்று, டொராண்டோவிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹிக்கின்ஸ் என்ற அறிஞருடன் இணைந்து இந்திய இசைக் கல்வியைத் தொடங்கினார். ஹிக்கின்ஸ் நம் கருநாடக இசையை முறையாகக் கற்றுப் பாடிய அமெரிக்கர். ‘பாகவதர்’ என்றே தமிழகத்தார் அழைத்தனர். 1984ஆம் ஆண்டு சாலை விபத்தொன்றில் அவர் மறைந்தது பேரிழப்பு. சங்கரன் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்குப் பயிற்றுவித்தார். வாசிப்போடு நில்லாமல் இசைப் படைப்பாளராகவும் திகழ்ந்து, மேலைநாட்டு இசைக்குழுக்களுக்கும் நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவின் கமெலான் கருவிகளுக்கும் உருப்படிகள் இயற்றினார். தென்னிந்தியத் தாள முறை பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1994இல் வெளிவந்தது. 2011ஆம் ஆண்டு அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கிட்டியது. குருவுக்கு வாராத விருது சீடரின் கைக்கு வந்து சேர்ந்தது.

இவ்வரலாற்றை இம்மலரில் எழுத எனக்கொரு காரணம் உண்டு. கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் முதலாம் வகுப்புப் பயின்றபோது, இடக்கையால் எழுதியதற்காக அடிக்கோலால் என் விரல் முட்டிகளில் பலமுறை அடி வாங்கியவன் நான். இன்று அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளில் வலக்கையால்தான் கையொப்பம் இடுகிறேன். ஆணி அடிப்பதென்றால் மட்டும் சுத்தியல் தானாகவே இடக்கைக்குப் போய்விடுகிறது.

நம் ஆலய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடைபெறும் மிருதங்க வகுப்பில் சென்ற ஆண்டு ஒரு சிறுவன் சேர்ந்தான். ‘தத் தித் தொம் நம்’ என்ற முதற்பாடத்திலேயே கருவியைத் திருப்பி வைத்துக்கொண்டான். நேராக வைத்தால் விரல் திணறுகிறது. திருப்பினால் சொல் தெளிவாக விழுகிறது. வகுப்பிற் சேர்த்த பாட்டியார் மனம் வருந்தி, ‘கோயிலில் நொட்டாங்கையால் வாசிக்கலாமா தம்பி?’ என்று என்னிடம் கேட்டார். அவருக்குப் பழநி சுப்பிரமணிய பிள்ளையின் கதையைச் சொன்னேன். ‘பழநியா? முருகன் பேருடையவரா?’ என்று கேட்டுச் சற்றே சமாதானமானார். ஆசிரியரும் பெருந்தன்மையுடன் இசைந்து, அவன் கைப்போக்கிலேயே பாடத்தைத் தொடர்கிறார்.

பிரிக்பீல்ட்சில் 1981ஆம் ஆண்டு சுவாமி சாந்தானந்த சரசுவதி தோற்றுவித்த நுண்கலைக் கோயில் போன்ற பெரிய வசதிகள் நமக்கு இல்லை. நம் மண்டப மேடை சிறியது, ஒலிவாங்கிகள் மூன்றே. எனினும் இவ்வாண்டுத் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு வகுப்புப் பிள்ளைகளின் இசை நிகழ்ச்சி இடம்பெறுகிறது. அச்சிறுவன் பாடகியின் இடப்புறம் அமர வேண்டும். அதற்காக வலப்புறம் மாறி அமர்ந்து தர முடியுமா என்று வயலின் வாசிக்கும் சிறுமியிடம் கேட்டிருக்கிறோம். சிறுமி உடனே தலையசைத்தாள். அவள் தாயார் மட்டும் இன்னும் விடை கூறவில்லை.