கண்ணில் படும் துப்பாக்கி

1967 மே 2 அன்று கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில், ஆளுநர் ரொனால்ட் ரீகன் சட்டமன்ற வளாகப் புல்வெளியில் பள்ளிப் பிள்ளைகளைச் சந்திக்க வந்திருந்தார். அவ்வேளையில் பாபி சீல் தலைமையில் ஆணும் பெண்ணுமாக 30 கறுப்பினத்தவர் படியேறினர். பலர் கையில் துப்பாக்கி.

அவர்கள் கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர். 1966இல் ஓக்லண்டில் சீலும் ஹியூயி நியூட்டனும் தொடங்கிய அமைப்பு அது. கறுப்பினத்தவரை வழிமறித்து விசாரிக்கும் காவலர்களைப் பின்தொடர்ந்து, சற்றுத் தள்ளி ஆயுதத்தோடு நின்று கவனிப்பது அவர்கள் வழக்கம்; உடன் சட்டப் புத்தகமும் இருக்கும். மறைக்காமல் ஏந்திய துப்பாக்கி அன்று அங்கே குற்றமன்று. அப்படி நிற்பவர் சுடுவாரா மாட்டாரா என்பதை அவர் முகத்தைப் பார்த்து அறிய வழியில்லை என்பதுதான் காண்பவர் வயிற்றில் புளியைக் கரைப்பது. ஆனால் காவலரின் இடுப்புத் துப்பாக்கியைக் கண்டு ஓக்லண்டின் கறுப்பினத்தவர் அன்றாடம் அடைந்த கலக்கத்திற்கு எந்த மசோதாவும் வரவில்லை.

சிறுத்தைகளின் ஆயுதத்திற்கு வந்தது. குண்டேற்றிய துப்பாக்கியோடு பொதுவிடத்தில் நடமாடுவதைத் தடுக்க டான் மல்ஃபோர்ட் கொண்டுவந்த மசோதாவை எதிர்க்கவே அவர்கள் வந்தனர். விளைவு நேர்மாறு: ஜூலையிலேயே ரீகன் ஒப்பமிட்டார். தேசியத் துப்பாக்கிச் சங்கமும் அதை ஆதரித்தது (இன்று நம்பக் கடினம்தான்).

2020 ஏப்ரல் 30 அன்று, பெரும்பாலும் வெள்ளையரான ஆயுததாரிகள் மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்தில் நுழைந்தபோது, உறுப்பினர் சிலர் குண்டு துளைக்காத அங்கி அணிந்து அமர்ந்திருந்தனர். தடை வந்தது 2021 ஜனவரியில், வாஷிங்டன் தாக்குதலுக்குப் பிறகு. அதுவும் வெளிப்படையாக ஏந்தியவற்றுக்கு மட்டுமே. உரிமம் உள்ளவர் மறைத்து எடுத்துச்செல்ல 2023 வரை தடையில்லை.