அஸ்லான் இயேசுவா?

பள்ளி நூலகத்தில் முதல் நார்னியா புத்தகத்தை எடுத்தபோது எனக்குப் பதினொரு வயது. கல்மேசையில் அஸ்லான் என்ற சிங்கத்தைக் கொல்லும் பக்கத்தில் அழுதுவிட்டேன். "அது இயேசுதானே, உனக்குத் தெரியாதா?" என்றாள் தோழி. எனக்குக் கோபம் வந்தது. நான் அழுதது சிங்கத்துக்காக.

1955இல் அமெரிக்காவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இதே இடத்தில் மாட்டிக்கொண்டான், ஆனால் வேறு பக்கத்திலிருந்து. இயேசுவைவிட அஸ்லானை அதிகம் நேசிக்கிறேனே, இது சிலை வழிபாடு ஆகிவிடுமோ என்று பயந்தான். அவனுடைய அம்மா நார்னியாவை எழுதிய சி. எஸ். லூயிஸுக்குக் கடிதம் போட்டார். லூயிஸின் பதில் இதுதான்: அஸ்லானிடம் அவன் நேசிக்கும் சொல்லும் செயலும் இயேசுவுடையவையே, ஆகவே அவன் இயேசுவைத்தான் நேசிக்கிறான்.

அப்படியென்றால் அஸ்லான் வெறும் உருவகம்தானா? இல்லை என்றார் லூயிஸ். உருவகம் என்றால் என்ன என்று பார்க்க, ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' நல்ல உதாரணம். (நம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' அதைத் தழுவியதுதான்.) அதில் வரும் ஓர் அரக்கனின் பெயரே விரக்தி. மனத்தில் இருக்கும் ஒன்றுக்கு ஆள் வேடம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அஸ்லான் அப்படியல்ல, ஒரு கேள்விக்கான பதில் என்று 1958இல் லூயிஸ் இன்னொரு கடிதத்தில் விளக்கினார். நார்னியா போன்ற உலகம் உண்மையிலேயே இருந்து, நம் உலகத்தில் செய்ததுபோல் அங்கேயும் கிறிஸ்து பிறந்து, இறந்து, உயிர்த்தெழ விரும்பினால், எப்படி இருப்பார்?

நான் லூயிஸ் பக்கம்தான். கதையை மறுபடி பாருங்கள். சிலுவை இல்லை. மூன்றாம் நாள் இல்லை, மறுநாள் விடியலிலேயே சிங்கம் எழுகிறது. அது உயிரைக் கொடுப்பது உலகத்துக்காக அல்ல, கூடப்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்த எட்மண்ட் என்ற ஒரே ஒரு பையனுக்காக. உருவகம் என்றால் இதெல்லாம் பிழை. இன்னோர் உலகத்தில் வாழும் அதே ஆள் என்றால், அங்கே நடப்பது வேறாகத்தானே இருக்கும்? 1952இல் வந்த 'டான் ட்ரெடர்' கப்பல் கதையில், உங்கள் உலகத்தில் எனக்கு வேறு பெயர் உண்டு என்று அஸ்லானே பிள்ளைகளிடம் சொல்கிறது.

லூயிஸின் நண்பர் டோல்கீனுக்கு நார்னியா பிடிக்கவில்லை. லூயிஸ் கிறிஸ்தவத்துக்குத் திரும்பியதில் 1931இல் டோல்கீன் அவரோடு விடிய விடியப் பேசியதற்கும் பங்கு உண்டு என்பதுதான் வேடிக்கை. டோல்கீனின் கதையில் காண்டால்ஃப் இறந்து திரும்பி வருகிறார், ஃப்ரோடோ எல்லோருக்காகவும் சுமை தூக்குகிறான், ஆனால் யாருமே கிறிஸ்து இல்லை. கடவுள் மனிதனானது தன் பேனா தொடத் துணியாத அளவுக்குப் பெரியது என்று நினைத்தவர் அவர்.

தோழி சொன்னது பாதி சரி என்று இப்போது தோன்றுகிறது. சிங்கத்துக்காக அழுததும் தப்பில்லை.