ஐம்பது சி.சி.: ஒரு முதற்படியின் வரலாறு

'எட்டுப் போட்டாயிற்றா?' என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் விளக்கம் தேவையில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மைதானத்தில், காலைத் தரையில் ஊன்றாமல், 8 என்ற எண்ணின் வடிவில் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டியவருக்கு உரிமம் கிடைத்துவிடும். ஆனால் உரிமம் கைக்கு வந்த நாளுக்கும், ஒருவர் உண்மையாகவே சாலையில் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளுக்கும் நடுவே ஓர் இடைக்காலம் உண்டு. அந்த இடைக்காலத்துக்கு உகந்த வண்டி எது என்பதற்கு ஒரு காலத்தில் நம்மிடம் தெளிவான விடை இருந்தது: வேகமும் வலுவும் குறைந்த ஐம்பது சி.சி. வண்டி. அந்த விடை எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதை நெய்வேலியை முன்வைத்துப் பேசலாம் என்று எண்ணுகிறோம்.

நெய்வேலியை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் பெரும்பாலானவை கோயிலைச் சுற்றியோ சந்தையைச் சுற்றியோ வளர்ந்தவை. அங்கே வீதிகள் நடப்பவனின் காலடிக்கும் தேரின் அகலத்துக்கும் அளவெடுத்து அமைந்தவை. நெய்வேலி அப்படியன்று. 1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது வெளிப்பட்ட கரிய பொருள்தான் அதன் தொடக்கம். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-இல் சோவியத் உதவியுடன் எழுந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. சுரங்கத்தோடு சேர்ந்தே நகரியமும் எழுந்தது. காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்த பிறகு மண்ணில் கட்டிய ஊர் அது. எண்ணிட்ட வட்டங்கள், நேர்கோட்டுச் சாலைகள், செங்கோணத் திருப்பங்கள், இருமருங்கிலும் மரங்கள்.

இத்தகைய ஊரில் தூரம் ஒரு விசித்திரமான அளவில் அமைந்துவிடுகிறது. வட்டத்துக்கு வட்டம் நடப்பதென்றால் அதிகம். பேருந்துக்குக் காத்திருப்பதென்றால் குறைவு. முதல் இரண்டு தலைமுறைகள் இந்த இடைவெளியை மிதிவண்டியால் கடந்தன. அடுத்து வந்தது மொபெட்.

மொபெட் தமிழ்நாட்டின் கண்டுபிடிப்பு அன்று. பிரான்ஸின் மோட்டோபெகான் நிறுவனத் தொழில்நுட்பத்தில் திருப்பதியில் 'சுவேகா' உருவானது. இத்தாலியப் பியாஜியோவின் வடிவமைப்பைத் தழுவி, புனேயின் கைனெடிக் நிறுவனம் 1972-இல் 'லூனா'வைக் கொண்டுவந்தது. ஆனால் மொபெட்டை நம் தெருக்களின் வண்டியாக ஆக்கியது 1980-இல் ஓசூரில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் வெளியிட்ட டி.வி.எஸ். 50 என்றே சொல்ல வேண்டும். இருவர் அமரலாம், முன்னால் மூட்டை வைக்கலாம், மிதித்துக் கிளப்பலாம். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் என்ஃபீல்டு நிறுவனம், புல்லட்டுக்குப் பேர்போன அதே நிறுவனம், ஜெர்மானிய ஸுண்டாப்பின் நுட்பத்தைப் பெற்று இராணிப்பேட்டையில் 'சில்வர் பிளஸ்', 'எக்ஸ்புளோரர்' என்னும் ஐம்பது சி.சி. வண்டிகளைக் கியருடனேயே செய்து பார்த்தது என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி.

வலுக்குறைந்த எந்திரம் புதிதாக ஓட்டுபவருக்கு என்ன கற்றுக் கொடுக்கிறது? முதலாவதாக, அது மன்னிக்கிறது. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக முறுக்கிவிட்டாலும் வண்டி பாய்ந்து போய்விடாது. நிதானமாக வேகம் கூடும். அந்தச் சில நொடிகளில் கை தன் பிழையைத் தானே திருத்திக்கொள்கிறது. இரண்டாவதாக, அது முன்யோசனையைக் கேட்கிறது. இழந்த வேகத்தை மீட்க நேரமாகும் என்பதால், ஓட்டுபவர் வெகுதூரம் முன்னே பார்த்து, பிரேக் தேவைப்படாதபடி ஓட்டப் பழகுகிறார். மூன்றாவதாக, அது எந்திரத்தை அறிமுகப்படுத்துகிறது. பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். அடைத்துக்கொண்ட பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இத்தனையும் தெரிந்தால்தான் வண்டி வீடு வந்து சேரும்.

நெய்வேலி இந்தப் பாடத்துக்கென்றே அமைந்த பள்ளிக்கூடம் போன்றது. உள் வட்டங்களில் போக்குவரத்து குறைவு. ஒவ்வொரு சந்திப்பும் ஒன்றைப் போலவே மற்றொன்று; ஆகவே இடம் திரும்புதல், வலம் திரும்புதல், நின்று பார்த்துப் போதல் எல்லாம் ஒரே மாலையில் பலமுறை பழகிவிடும். ஆனால் ஆர்ச் கேட்டைக் கடந்து பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவே ஓடும் நெடுஞ்சாலையில் ஏறியதும் நிலைமை தலைகீழாகிறது. உள்ளே பாதுகாப்பாக இருந்த அதே வலுவின்மை இங்கே ஆபத்தாகிவிடுகிறது. பின்னால் வரும் பேருந்தின் வேகத்துக்கும் மொபெட்டின் வேகத்துக்கும் உள்ள வேறுபாடே அந்த ஆபத்து. சிறிய வண்டிக்கு அதற்குரிய சாலை ஒன்று வேண்டும் என்பதை ஆர்ச் கேட் சொல்லாமல் சொல்கிறது.

சட்டமும் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாகனம் ஓட்டுவதற்குப் பொதுவான வயதைப் பதினெட்டு என வகுத்தது. கூடவே ஒரு சிறு வாசலையும் திறந்து வைத்தது: கியர் இல்லாத இருசக்கர வாகனத்தைப் பதினாறு வயது நிரம்பியவர் ஓட்டலாம், பெற்றோரோ காப்பாளரோ எழுத்தில் இசைவு தர வேண்டும். 1994-இல் வந்த திருத்தம், பதினாறு வயதுக்கான அளவுகோலைக் கியரிலிருந்து எந்திரக் கொள்ளளவுக்கு மாற்றியது. ஐம்பது சி.சி.க்கு மிகாத வண்டி மட்டுமே என்றாயிற்று. முழு உரிமத்துக்கு முன்னே முதற்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

வினோதம் என்னவென்றால், சட்டம் அந்தக் கோட்டைப் போட்ட அதே காலத்தில் வண்டிகள் அதைத் தாண்டத் தொடங்கிவிட்டன. தொண்ணூறுகளில் வந்த ஸ்கூட்டி அறுபது சி.சி.; பின்னர் பரவிய எக்ஸ்.எல். சூப்பர் எழுபது. 2015-இல் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100, பெயருக்கேற்ப ஏறத்தாழ நூறு. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக டூ ஸ்ட்ரோக் மொபெட் மறைந்தது. அது விட்ட புகையை அறிந்த எவரும் அதற்காகக் கண்ணீர் சிந்த மாட்டார்கள். ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிகள் வந்தபோது மொபெட் என்ற பெயருக்கு மிஞ்சியது எக்ஸ்.எல். 100 மட்டுமே. சட்டத்தில் வாசல் திறந்தே இருந்தது. அதன் வழியே நுழையத்தக்க பெட்ரோல் வண்டிதான் கடையில் இல்லை.

இதன் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை. ப்ளஸ் ஒன் படிக்கும் பிள்ளை தனிப்பயிற்சிக்குப் போவது அப்பாவின் நூற்றுப்பத்து சி.சி. வண்டியில். 2019 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, உரிமமில்லாத சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு இரத்தாகும். அந்தப் பிள்ளை இருபத்தைந்து வயதுவரை உரிமம் பெற முடியாது. தண்டனை கடுமையானதே; அதன் நோக்கத்தையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் முறையாக ஏறுவதற்கான படியை இல்லாமல் செய்துவிட்டு, தாவி ஏறுபவரை மட்டும் தண்டித்தால் போதுமா என்பதே நம் கேள்வி.

மின்வண்டி இதைத் தீர்க்கும் என்பார்கள். மின்வண்டிக்குச் சி.சி. என்ற கணக்கே கிடையாது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் 250 வாட்டுக்கும் உட்பட்டவை மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கே வெளியே நிற்கின்றன; உரிமம் தேவையில்லை, எனவே எட்டும் போட வேண்டியதில்லை. பிள்ளை ஏதோ ஒன்றை ஓட்டும். கற்றுக்கொண்டதா என்று எவரும் சோதிக்க மாட்டார்கள்.

இதே சிக்கல் ஜப்பானுக்கும் வந்தது. 1958-இல் சூப்பர் கப்பை அளித்த ஹோண்டா, புதிய மாசு விதிகளை முன்னிட்டு 2025-இல் ஐம்பது சி.சி. வண்டிகளின் உற்பத்தியை அங்கே நிறுத்தியது. ஆனால் பதினாறு வயதில் பெறும் சிறுவண்டி உரிமத்தை ஜப்பானியர் கைவிடவில்லை. அளவுகோலை மாற்றினார்கள். 2025 ஏப்ரல் முதல், 125 சி.சி. வரையிலான வண்டியானாலும் அதன் உச்ச ஆற்றல் 4 கிலோவாட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தால் அந்த உரிமத்தில் ஓட்டலாம். கற்பவருக்கு ஊறு செய்வது கொள்ளளவு அன்று, ஆற்றலே என்ற எளிய உண்மை அது. நம் எக்ஸ்.எல். 100-இன் ஆற்றல் சுமார் 3.2 கிலோவாட். சட்டத்தின் கண்ணுக்கு அது ஐம்பது சி.சி.யைப் போல இருமடங்கு. ஜப்பானிய ஆற்றல் அளவுகோலிலோ சிறிய வண்டியே.

பதினாறு வயதுக்கு எந்திரமே வேண்டாம், மிதிவண்டி போதும் என்று வாதிடலாம். அதிலும் நியாயம் உண்டு. அப்படியானால் அதையே சட்டத்தில் எழுதி, மிதிவண்டிக்குச் சாலையில் இடமும் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் ஆற்றலையும் வேகத்தையும் அளவாகக் கொண்டு அந்த வாசலைச் சீரமைக்க வேண்டும். கியரிலிருந்து சி.சி.க்கு ஒருமுறை மாறிய அளவுகோல்தானே. இன்னொரு முறை மாறுவதில் தடை என்ன? அதுவரை நெய்வேலியின் மரநிழல் சாலைகளில் பிள்ளைகள் ஓட்டப் பழகிக்கொண்டுதான் இருப்பார்கள், தம் வயதுக்கு மீறிய வண்டிகளில், சட்டத்துக்குத் தெரியாமல்.