காரையில் ஜியாலஜி மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? கல்லை எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

பெரம்பலூர் மாவட்டம் காரை, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல். இன்று ஜியாலஜி மாணவர்களுக்குத் திறந்தவெளி வகுப்பறை.

முதல் வேலை என்ன?
நிற்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறிக்கணும். பாறை அடுக்கு எந்தப் பக்கம், எத்தனை டிகிரி சாய்ந்திருக்குன்னு கிளினோமீட்டரில் அளக்கணும்.

சுத்தியல் எதுக்கு?
வெயில், மழையில் கல்லின் மேற்பரப்பு நிறம் மாறியிருக்கும். உடைத்து, உள்பக்கத்தை லென்ஸில் பார்த்தால்தான் அசல் தெரியும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தால், அதில் சுண்ணாம்பு இருக்கு.

புதைபடிவம் கிடைச்சா?
நத்தை போலச் சுருண்ட அம்மோனைட் கிடைத்தாலும் உடனே பையில் போடக்கூடாது. போட்டோ, இடம், அடுக்கு எல்லாம் நோட்டில் ஏறணும். எந்த அடுக்கில் இருந்தது என்ற பதிவு போய்விட்டால், அது வெறும் அழகுக் கல்தான்.