வந்தவரா, வரவேற்ற இடமா? இங்கிலாந்துக் குடும்ப மருத்துவத்தில் பதிலி மருத்துவர்கள்

2024-இல் இங்கிலாந்தின் குடும்ப மருத்துவத் துறையில் ஒரு முரண்பாடு வெளிச்சத்துக்கு வந்தது. மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைக்காத நோயாளிகள் காலை எட்டு மணிக்கே தொலைபேசியில் வரிசை கட்டினார்கள். அதே வேளையில், பயிற்சி முடித்துப் பதிவும் பெற்ற பதிலி மருத்துவர்கள் (நிலையத்தின் மருத்துவர் இல்லாத நாள்களில் மாற்றாக வருபவர்கள்) வேலையில்லாமல் இருந்தார்கள். அந்த ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் நடத்திய கணக்கெடுப்பில், பதிலளித்த பதிலி மருத்துவர்களில் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் வேலை கிடைப்பது அரிதாகிவிட்டது என்றனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, விடுப்பில் போகும் பங்குதார மருத்துவருக்கு மாற்றாக ஒருவரைப் பிடிப்பதற்குள் மருத்துவ நிலைய மேலாளர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

உடனடிக் காரணம் பணம். 2019-இல் தொடங்கிய கூடுதல் பணியாளர் மானியத் திட்டம் மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், மருத்துவ உதவியாளர் ஆகியோரின் சம்பளத்தை நிலையங்களுக்குத் திருப்பித் தந்தது; மருத்துவர் சம்பளத்தைத் தரவில்லை. செலவு ஏறி வருமானம் தேங்கியபோது, மானியம் உள்ள ஆளை வைத்துக்கொண்டு மானியம் இல்லாத ஆளை நிறுத்துவது மேலாளருக்கு எளிய கணக்கு. 2024 ஆகஸ்டில் அரசு 8.2 கோடி பவுண்டு ஒதுக்கி, புதிதாகப் பயிற்சி முடித்த மருத்துவர்கள் ஆயிரம் பேரை அத்திட்டத்தில் சேர்ப்பதாக அறிவித்தது. அனுபவமுள்ள பதிலி மருத்துவருக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை.

பதிலி மருத்துவம் பற்றிய பேச்சு எப்போதும் ஆள் கிடைக்கிறாரா, என்ன விலைக்குக் கிடைக்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்குள்ளேயே சுற்றுவதை இந்த முரண்பாடு காட்டுகிறது. ஆள் பஞ்சக் காலத்தில் அவர்களை அனுப்பும் ஏஜென்சிகளின் கொள்ளை பேசப்பட்டது. இப்போது வேலையின்மை பேசப்படுகிறது. பதிலி மருத்துவரின் தரம் பெருமளவுக்கு அவரை அழைத்த நிலையத்தில்தான் உருவாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ஆளெடுப்பை ஒரு கொள்முதலாக நடத்தும் வரை அந்தத் தரத்துக்கு யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை.

இது புதிய தொழில் அல்ல. 1948-க்கு முன் பிரிட்டனில் மருத்துவ நிலையம் என்பது விற்கவும் வாங்கவும் கூடிய சொத்து. தனியாளாக நடத்திய மருத்துவர் ஊருக்குப் போகவேண்டும் என்றால் பக்கத்துத் தெரு மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போவார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் வாட்சன் நினைத்த மாத்திரத்தில் ரயிலேற முடிவதற்கு அந்தக் கண்ணியமான அண்டைவீட்டு மருத்துவர்களே காரணம். பெயரளவில் மட்டும் வரும் அவர்களுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. அண்டையார் இல்லாதவர்கள் மருத்துவ இதழ்களின் வரி விளம்பரங்களை நாடினார்கள். 1948 ஜூலை 5-இல் தேசிய நலச் சேவை வந்தது. நிலையத்தின் நற்பெயரை விற்பது தடை செய்யப்பட்டாலும், குடும்ப மருத்துவர் அரசு ஊழியராகவில்லை, ஒப்பந்தக்காரராகவே நீடித்தார். அவர் இல்லாத நாளுக்கு ஆள் வைப்பதும் அவர் பொறுப்பாகவே நீடித்தது. 1966-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் கூட்டு நிலையங்களை ஊக்குவித்த பிறகு, பங்குதாரர்கள் ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்துக்கொண்டார்கள். ஒரே கோப்பு, ஒரே வரவேற்பாளர், ஒரே மருந்தலமாரி. ஈடு செய்பவர் அந்நியரல்ல.

எஞ்சிய தனியாள் நிலையங்கள் எங்கே இருந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலும் உள்ளூர் மருத்துவர்கள் போக விரும்பாத இடங்களை நிரப்பியவர்களில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து வந்தவர்கள் மிகப் பலர். தமிழர்களும் அவர்களில் உண்டு. மருத்துவமனையில் விரும்பிய சிறப்புத் துறையின் கதவு திறக்காதபோது குடும்ப மருத்துவம் அவர்களுக்கு வழிவிட்டது. அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றபோது அந்த நிலையங்களை ஏற்க ஆளில்லை. வாரத்துக்கு ஒரு பதிலி மருத்துவரை வைத்து ஓட்டும் இடைக்கால ஏற்பாடுகள் அங்கெல்லாம் முளைத்தன. வேல்ஸின் க்ளின்கோர்வுக் கிராமத்தில் பணிபுரிந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், மருத்துவம் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் நல்ல மருத்துவம் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதினார். பதிலி மருத்துவர்களின் வரைபடத்தை அந்தக் கூற்றின் மேல் வைத்துப் பார்க்கலாம். பெரிய வித்தியாசம் தெரியாது.

பதிலி மருத்துவரால் நோயாளிக்குக் கேடா? இதற்கு மிகப் பெரிய அளவில் விடை தேடியது அமெரிக்க ஆய்வு ஒன்று. 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான அது, 2009 முதல் 2014 வரை மெடிகேர் காப்பீட்டில் மருத்துவமனையில் சேர்ந்த சுமார் 18 லட்சம் பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் 2.1 விழுக்காட்டினரைப் பதிலி மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் பதிலி மருத்துவர்களிடம் 8.83 விழுக்காடு, நிரந்தர மருத்துவர்களிடம் 8.70 விழுக்காடு, புள்ளியியல் நோக்கில் வேறுபாடு இல்லை. மருத்துவமனையில் தங்கிய நாள்கள் கொஞ்சம் கூடின, செலவும் கூடியது. பத்திரிகைகள் இதோடு நிறுத்திக்கொண்டன.

ஆனால் அந்த ஆய்வின் உட்பிரிவுக் கணக்கு ஒன்று எனக்கு முதன்மை முடிவைவிட முக்கியமாகப் படுகிறது. பதிலி மருத்துவர்களை எப்போதோ ஒருமுறை அழைக்கும் மருத்துவமனைகளில் மட்டும், அவர்களிடம் சிகிச்சை பெற்றோரின் இறப்பு கூடுதலாக இருந்தது. அடிக்கடி அழைக்கும் இடங்களில் அப்படி இல்லை. வேறுபடுவது மருத்துவரின் திறமை என்றால், அது அழைத்த இடத்தின் பழக்கத்தை ஒட்டி ஏன் மாறவேண்டும்? எப்போதோ அழைக்கும் இடங்கள் தரம் குறைந்தவர்களையே பெற்றன என்று வாதிட இடமுண்டு. உட்பிரிவுக் கணக்குகளை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஆனாலும் அடிக்கடி அந்நியரை ஏற்கும் இடம் அதற்கான ஒழுங்கைப் பழகிக்கொள்கிறது என்ற விளக்கமே எளிமையானது. அன்றாட வேலையை அருகிலிருந்து பார்க்கும்போது நம்பத்தக்கதும் அதுவே.

ஓர் ஆங்கில நிலையத்தில் பதிலி மருத்துவரின் காலை இப்படித் தொடங்கும். ஓர் அமர்வு நான்கு மணி பத்து நிமிடம். எட்டரைக்கு முதல் நோயாளி. ஒருவருக்குப் பத்து நிமிடம். எட்டு இருபதுக்கு வரவேற்பு மேசையில் அவருக்கு ஓர் அறை எண் தரப்படுகிறது. கணினியில் இருப்பது இமிஸ் மென்பொருளா, சிஸ்டம்ஒன்னா என்பது முதல் கேள்வி. அவருடைய ஸ்மார்ட் கார்டுக்கு அந்த நிலையத்தின் அனுமதி ஏற்றப்படாவிட்டால் மின்னணு மருந்துச்சீட்டு போகாது. தாளில் அச்சிட்டுக் கையெழுத்திட வேண்டும், அச்சுப்பொறியில் சரியான தாள் இருக்கவேண்டும். மூன்றாவது நோயாளிக்குப் புற்றுநோய் ஐயம். அவசரப் பரிந்துரைப் படிவம் அந்தப் பகுதியில் எந்தக் கோப்புறையில் இருக்கிறது? ஐந்தாவது நோயாளி குழந்தை. பாதுகாப்புக் குறித்து ஐயம் வந்தால் யாரை அழைப்பது, எண் என்ன? தேடியதில் பதினைந்து நிமிடம் போய்விடுகிறது. வெளியே காத்திருப்பவர்கள் அதை மருத்துவரின் மந்தம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் மாலையில் இருக்கிறது. காலையில் அவர் எழுதிய ரத்தப் பரிசோதனையின் முடிவு இரண்டு நாள் கழித்து வருகிறது. அது யாருடைய மின்பெட்டியில் விழுகிறது? கேட்டவர் பெயருக்கே போகும்படி அமைத்திருந்தால், அவர் அப்போது வேறு ஊரில் வேறு நிலையத்தில் இருப்பார். பொட்டாசியம் கூடிப்போன முடிவு யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். ஒழுங்கான நிலையம் பதிலி மருத்துவர் கேட்ட பரிசோதனைகளை அன்றைய பொறுப்பு மருத்துவரின் பெட்டிக்குத் திருப்பிவிடும். ‘சிறுநீரகச் செயல்பாடு பார்க்கவும், குறைந்திருந்தால் மாத்திரையை நிறுத்தவும்’ என்று பதிலி மருத்துவர் விட்டுச்செல்லும் குறிப்பைப் படிக்க ஓர் ஆளை வைத்திருக்கும். ஒழுங்கற்ற நிலையத்தில் கடைசி நோயாளி போன கையோடு அவரும் போய்விடுவார். குறிப்பு எழுதும் நேரத்துக்குக் கூலி இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராகப் பலரும் முதலில் எடுத்து வைப்பது 2008-இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் நடந்தது. ஜெர்மனியிலிருந்து வார இறுதிப் பணிக்கு வந்த ஒரு மருத்துவர், தம் முதல் முறைப்பணியிலேயே, சிறுநீரகக் கல் வலியால் துடித்தவருக்கு 100 மில்லிகிராம் டயமார்ஃபினை ஊசியில் ஏற்றினார். அது கொடுக்கவேண்டிய அளவைப்போல் பத்து மடங்கு. நோயாளி இறந்துபோனார். 2010-இல் மரண விசாரணை அதைச் சட்டத்துக்குப் புறம்பான கொலை என்று தீர்மானித்தது. அந்த மருத்துவர் தவறு செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பின்னணியைப் பார்க்கவேண்டும். 2004 ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பவுண்டை விட்டுக்கொடுத்தால் குடும்ப மருத்துவர் இரவு, வார இறுதிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம், பெரும்பாலோர் விலகினார்கள். அந்த இடைவெளியைத் தனியார் நிறுவனங்கள் விமானத்தில் வந்திறங்கும் மருத்துவர்களைக் கொண்டு நிரப்பின. பணிக்கான பட்டியல்களை அப்போது ஒவ்வொரு வட்டார அமைப்பும் தனித்தனியாக வைத்திருந்ததால், மொழித்திறன் போதாதென்று ஓர் இடத்தில் சேர்க்கப்படாதவர் வேறோர் இடத்தில் பெயர் ஏற்றிக்கொண்டார். ஜெர்மனியில் அன்றாடம் புழங்காத மருந்து, பெட்டியில் அதிக வலிமையில் வைக்கப்பட்டிருந்தது. அதே நிறுவனத்தில் அதே மருந்து முன்னரும் அளவு மீறிக் கொடுக்கப்பட்டிருந்தது என்பதும் பின்னர் வெளிவந்தது.

அதன் பிறகு வந்த சீர்திருத்தங்கள் எல்லாம் எந்தப் பக்கம் திரும்பின என்று பாருங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுசான்று 2012 டிசம்பரில் தொடங்கியது. 2013-இல் வட்டாரப் பட்டியல்கள் ஒரே தேசியப் பட்டியலாயின. ஐரோப்பிய மருத்துவர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் அதிகாரம் 2014-இல் பொது மருத்துவ மன்றத்துக்குக் கிடைத்தது. மூன்றும் வேண்டியவையே. மூன்றும் வருபவரைச் சோதிப்பவை. ஏற்கும் நிலையம் எப்படித் தயாராகவேண்டும் என்பதற்கு அந்த அளவு உறுதியுள்ள விதி எதுவும் வரவில்லை. நல்லெண்ண வழிகாட்டுதல்களோடு நின்றுவிட்டது. இன்று ஒரு மேலாளர் பதிலி மருத்துவரின் பதிவு, தேசியப் பட்டியல், குற்றப்பின்னணிச் சான்று, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி அனைத்தையும் வாங்கிக் கோப்பில் வைக்கிறார். எங்கள் நிலையத்தில் டயமார்ஃபின் எங்கே, எந்த வலிமையில் இருக்கிறது என்று எழுதிய ஒற்றைத் தாளைத் திருப்பித் தரும் கட்டாயம் அவருக்கு இல்லை.

செலவுக் கணக்கும் இதே கோணலில்தான் இருக்கிறது. மகப்பேற்று விடுப்பில் போகும் மருத்துவருக்கு மாற்றாக ஆள் வைக்க, 2017-இன் விதிகள் முதல் இரண்டு வாரத்துக்கு வாரம் 1,131.74 பவுண்டும் அதன் பின் 1,734.18 பவுண்டும் உச்சவரம்பாக வைத்தன.  நகரத்தில் இரண்டு மூன்று நாள் பதிலி மருத்துவர் வந்தாலே அந்த வாரத் தொகை கரைந்துவிட்டது. போட்டிச் சட்டம் கருதி பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பரிந்துரைக் கட்டணத்தையும் வெளியிடுவதில்லை. ஆகவே மேலாளரின் பேரம் முழுவதும் மணிக்கு எவ்வளவு என்பதில் நிற்கிறது. ஏஜென்சி வழியே வந்தால் தரகும் சேரும். அரைமணி அறிமுகத்துக்கும் கடைசி அரைமணிக் குறிப்புக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கும் நிலையம் பேரத்தில் தோற்றதாகத் தெரிகிறது.

தொடர்ச்சி பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. நார்வேயில் 2001 முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லும்படி ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. அந்நாட்டில் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஒரே மருத்துவரிடம் பதினைந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு, முதலாண்டில் இருப்பவர்களோடு ஒப்பிட, இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைவு. முகம் மாறிக்கொண்டே இருந்தால் எந்த அறிமுகத் தாளும் அந்தப் பதினைந்து ஆண்டுக்கு ஈடாகாது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆய்வு ஒப்பிடுவது நீண்ட உறவையும் குறுகிய உறவையும். பதிலி மருத்துவரையும் நிரந்தர மருத்துவரையும் அல்ல. ஆண்டுக்கொருமுறை மாறும் சம்பள மருத்துவர் இந்தக் கணக்கில் பதிலி மருத்துவரைவிட மேலானவரா என்பது திறந்த கேள்வி. அதே பகுதியில் அதே மூன்று நிலையங்களுக்குப் பத்து ஆண்டுகளாக வந்துபோகும் பதிலி மருத்துவர்களும் இருக்கிறார்கள். 2000-களில் தென் இங்கிலாந்தில் உருவான பதிலி மருத்துவர் கூட்டமைப்புகள் இதைத்தான் முறைப்படுத்த முயன்றன: பல மருத்துவர்கள் ஓர் அலுவலகத்தின் கீழ் சேர்ந்து, அக்கம்பக்க நிலையங்களோடு நிலையான ஏற்பாடு செய்துகொண்டு, தவறுகளைத் தங்களுக்குள் கூடிப் பேசுவது. ஏஜென்சி அனுப்புவது ஓர் ஆளை. கூட்டமைப்பு அனுப்புவது அந்த நிலையத்தை ஏற்கனவே அறிந்த ஒருவரை, அல்லது அறிந்தவரிடம் கேட்டுவிட்டு வரும் ஒருவரை.

இந்த வாதத்துக்கு நடைமுறையில் பொருள் உண்டு. பராமரிப்புத் தர ஆணையம் ஒரு நிலையத்தை ஆய்வு செய்யும்போது பதிலி மருத்துவர்களின் சான்றிதழ்க் கோப்பைக் கேட்கிறது. அத்தோடு, கடந்த மூன்று மாதத்தில் பதிலி மருத்துவர்கள் கேட்ட பரிசோதனை முடிவுகளில் எத்தனை நாள் கழித்து எத்தனை திறக்கப்பட்டன என்ற பட்டியலையும் கேட்கலாம். இமிஸிலோ சிஸ்டம்ஒன்னிலோ அதை எடுப்பது ஓர் எழுத்தருக்குப் பெரிய வேலையல்ல. விடுப்புக்கால மானியத்தின் ஒரு பகுதியை, அறிமுகத்துக்கும் ஒப்படைப்புக்கும் ஊதியம் தரும் நிலையங்களுக்கு மட்டும் விடுவிக்கலாம். இதனால் மணிக்கூலி கொஞ்சம் ஏறும் என்று கருவூலம் முறையிடும். ஏறட்டும், அந்தப் பணம் ஏஜென்சித் தரகுக்குப் போவதைவிட, திறக்கப்படாத பொட்டாசியம் முடிவைத் திறக்கப் போவது மேல்.