கண்டி வீதி: தவளத்திலிருந்து சாரதியற்ற வாகனம் வரை

மனித உழைப்பின் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொள்ளும் காலம் ஒவ்வொன்றிலும் இரு குரல்கள் எழுவதுண்டு. ஒன்று, வேலை போய்விடும் என்று அஞ்சும் குரல். மற்றையது, பழைய வேலை போனாற் புதிய வேலை வரும் என்று ஆறுதல் கூறும் குரல். சாரதியற்ற வாகனங்களைப் பற்றி இன்று உலகெங்கும் நிகழும் விவாதத்திலும் இவ்விரு குரல்களே ஒலிக்கின்றன. ஆயின் அவ்விவாதம் பெரும்பாலும் எதிர்காலம் பற்றிய ஊகமாகவே அமைந்துவிடுகின்றது. வரலாறு இதுபற்றி யாது கூறுகின்றது என்பதை அறிய விழைவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கண்டிக்கு ஏறும் வீதியே அதற்குத் தக்க சான்றாகும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் இவ்வீதியிலே மாட்டுவண்டிக்காரன் புகையிரதத்தை எதிர்கொண்டான். அவனுக்கு நேர்ந்தது யாது என ஆராய்வதும், அதிலிருந்து இன்றைய நிலைக்குப் பெறத்தக்கன யாவை என நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தவளமும் வீதியும்

கண்டி இராச்சியம் நெடுங்காலம் தன் சுதந்திரத்தைப் பேணியமைக்கு மலையும் காடும் அரணாக அமைந்தமை ஒரு முக்கிய காரணமாகும். அகன்ற வீதி பகைவனுக்கே வழிகாட்டும் என்பதைக் கண்டி மன்னர் நன்கு உணர்ந்திருந்தனர். எனவே அக்காலத்துப் போக்குவரத்து ஒடுங்கிய மலைப்பாதைகளிலேயே நிகழ்ந்தது. பொதி சுமக்கும் மாடுகளின் வரிசையான 'தவளம்' உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்கு ஏற்றியது. பாக்கு முதலியவற்றைக் கரையோரத்துக்கு இறக்கியது. இப்போக்குவரத்தைக் கவனிப்பதற்கு 'மடிகே பத்த' என்னும் தனித்துறை இராச்சியத்தில் இருந்தது. கண்டிப் பகுதி முஸ்லிம்கள் பலர் இத்துறையின் கீழ்த் தவளத் தொழிலில் ஈடுபட்டிருந்தனர் என்பதை வரலாற்றாசிரியர் லோனா தேவராஜா எடுத்துக்காட்டியுள்ளார்.

1815இல் இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1817-1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி, வீதியின்றி மலைநாட்டை ஆளவியலாது என்னும் பாடத்தை அவர்களுக்குக் கற்பித்தது. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் கொழும்பு-கண்டி வீதியை அமைப்பதில் முனைந்தார். அதன் பொறியியலாளரான கப்டன் டோசன் 1829இல் மறைந்தார். கடுகண்ணாவையில் அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கின்றது. ஆனால் பாறை உடைத்தும் மண் சுமந்தும் வீதியை உருவாக்கியோர் கூலியின்றி இராசகாரிய முறைமையால் அழைக்கப்பட்ட குடிமக்களாவர். அவர்களுக்கு அங்கே கோபுரம் எதுவும் இல்லை. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டிச் சேவை ஆரம்பமாயிற்று. 1833இல் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரத்தாலான பாலம் அமைக்கப்பட்டது. இவ்வாறு வண்டி செல்லும் வீதி உருவானதும் பெருவழியிலே தவளத்தின் காலம் முடிவுறத் தொடங்கிற்று. வண்டி ஏறவியலாத உட்கிராமங்களுக்கே பொதிமாடு ஒதுங்கியது. போக்குவரத்து மாற்றத்தால் ஒரு தொழில் தன்னிடத்தை இழந்தமைக்கு இவ்வீதி தந்த முதற் சான்று இதுவேயாகும்.

கோப்பியும் மாட்டுவண்டியும்

1820களில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்காபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் பார்ன்ஸும் கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினர். 1840களிற் கோப்பித் தோட்டங்கள் கண்டியைச் சூழ்ந்த மலைகளெங்கும் பரவின. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடவீதி வழியே கால்நடையாக மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்த தமிழ்த் தொழிலாளர் அத்தோட்டங்களின் உழைப்பாளராயினர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர்.

தோட்டத்துக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது மாட்டுவண்டியே. கோப்பி இறங்கிய வண்டி, அரிசியையும் தோட்டத்துக்கு வேண்டிய பொருள்களையும் ஏற்றிக்கொண்டு மலையேறிற்று. பயணம் பல நாட்களை எடுத்தது. மழைக்காலத்தில் வாரக்கணக்கிலும் நீண்டது. இத்தொழிலில் கரையோரச் சிங்களவரே முதன்மை பெற்றிருந்தனர். வண்டி ஓட்டுவோர் மாத்திரமன்றி, வண்டி செய்யும் தச்சர், லாடம் அடிப்போர், புல் விற்போர், வழிநெடுகக் கடை வைத்திருந்தோர் எனப் பலரது சீவனம் அவ்வீதியைச் சார்ந்திருந்தது.

தோட்டத் துரைமாருக்கோ வண்டிக்காரன் தீராத தலைவலியாயிருந்தான். அறுவடைக் காலத்தில் வண்டிக் கூலி உயர்ந்தது. மாடுகளுக்குக் கொள்ளைநோய் வந்தபோது வண்டிகள் கிடைக்கவில்லை. கோப்பி நனைகின்றது, குறைகின்றது, காலந்தாழ்த்தி வருகின்றது என்னும் முறைப்பாடுகள் ஓயவில்லை. இங்கு ஓர் உண்மை நோக்கற்பாலது. வண்டிக்காரன் இன்றிக் கோப்பி கப்பலேறாது என்பதே அவனுடைய பேரம்பேசும் வலிமையாகும். புகையிரதப் பாதை வேண்டுமென்ற கோரிக்கை வேகத்தை மாத்திரம் வேண்டி எழுந்ததன்று; அவ்வலிமையிலிருந்து விடுபட வேண்டியும் எழுந்தது.

புகையிரதத்தின் வருகை

1845இல் இதற்கெனக் கம்பனியொன்று அமைக்கப்பட்டபோதிலும் வேலை உடனே தொடங்கவில்லை. 1858இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையை ஆரம்பித்து வைத்தார். பின்னர் அரசாங்கமே அப்பணியைப் பொறுப்பேற்றது. 1864ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசவுக்கு முதற் புகையிரதம் ஓடியது. றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே 45 அடிக்கு 1 அடி உயரும் செங்குத்தான ஏற்றத்தைச் சுரங்கங்களாலும் பாறைச் சரிவில் வெட்டப்பட்ட பாதையாலும் கடந்து, 1867இல் அது கண்டியை அடைந்தது. பல நாட்பயணம் ஒரு பகலுக்குள் அடங்கிற்று.

வண்டிக்காரனுக்கு நேர்ந்தது

புகையிரதம் வந்த மறுநாளே மாட்டுவண்டி மறைந்துவிட்டதென எண்ணுவது தவறாகும். உண்மையில் நடந்தது இதனினும் சிக்கலானது.

முதலாவதாக, நெடுவழிப் போக்குவரத்து வண்டிக்காரனின் கையைவிட்டுப் போயிற்று. கிளைவழிப் போக்குவரத்து அவனுக்கு எஞ்சியது. தோட்டத்திலிருந்து புகையிரத நிலையம் வரை சரக்கைக் கொண்டுவர வண்டி வேண்டியிருந்தது. 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1880இல் மாத்தளைக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் பாதை நீண்டபோது ஒவ்வொரு நிலையமும் வண்டிகளுக்குப் புதிய மையமாயிற்று. ஆகவே வண்டித் தொழில் அழியவில்லை. ஆனால் அது முழுப் பயணத்துக்கும் உரிய தொழிலாக இருந்த நிலை மாறி, புகையிரதத்துக்குத் துணைபோகும் தொழிலாயிற்று. கொழும்பு வரை சென்றவன் நிலையம் வரை செல்பவனானான்; அவனது பேரம்பேசும் வலிமையும் அவ்வளவுக்குச் சுருங்கிற்று.

இரண்டாவதாக, வண்டியின் உடைமையாளனுக்கும் ஓட்டுநனுக்கும் ஒரே கதி நேரவில்லை. வண்டிக் குத்தகை, சாராயக் குத்தகை முதலியவற்றாற் பொருள் திரட்டிய கரையோரச் சிங்களக் குடும்பங்கள் சில, தம் மூலதனத்தைக் காணியிலும் தோட்டத்திலும் முதலிட்டுச் சமூகத்தின் உயர்நிலையை எய்தின. மூலதனம் உடையவனுக்கு மாற்றம் ஒரு கதவை அடைத்து மறு கதவைத் திறந்தது. கூலிக்கு வண்டியோட்டியவனிடம் இருந்ததோ மாட்டையும் வழியையும் பற்றிய அறிவு மாத்திரமே. அவ்வறிவுக்கு விலை குறைந்தபோது அவனிடம் வேறெதுவும் இல்லை.

மூன்றாவதாக, புதிய வேலைகள் தோன்றியது உண்மையே. நிலைய அதிபர், இயந்திரச் சாரதி, பாதை பராமரிப்போர், வாயிற் காவலர் எனப் பல பதவிகள் உருவாயின. நாவலப்பிட்டி போன்ற ஊர்கள் புகையிரதத்தால் வளர்ந்தன. ஆனால் ஆங்கிலக் கல்வி வேண்டிய பதவிகளிலும் இயந்திரச் சாரதிப் பதவிகளிலும் பறங்கியர் சமூகத்தவரே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தனர். வேலை இழந்தவனுக்கே புதிய வேலை கிடைக்கும் என்பது எண்ணிக்கைக் கணக்கில் உண்மையாகத் தோன்றலாம். மனிதர் கணக்கில் அவ்வாறு அமைவதில்லை.

நான்காவதாக, மாற்றம் தனித்து வருவதில்லை. புகையிரதம் கண்டியை அடைந்து இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலைநோய் இலங்கையிற் கண்டறியப்பட்டது. 1880களிற் கோப்பிப் பொருளாதாரமே சரிந்தது. தொழிலிற் சுருக்கமும் பயிரில் அழிவும் ஒருங்கே நேர்ந்தபோது தாங்கும் வலிமையற்றோரே முதலில் வீழ்ந்தனர்.

தேயிலைத் தொழிற்சாலை தரும் பாடம்

புகையிரதம் கண்டிக்கு வந்த அதே 1867இல், ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஆரம்பத்தில் பங்களா விறாந்தையில் மேசைமீது கையாலேயே கொழுந்து உருட்டப்பட்டது. விரைவிலேயே உருட்டும் இயந்திரமும், பின்னர் சூடான காற்றால் உலர்த்தும் இயந்திரமும் வந்தன. உருட்டும் கைகளுக்கு வேலை போயிற்று. ஆனால் கொழுந்து பறிக்கும் கைகளை இயந்திரத்தால் ஈடுசெய்ய முடியவில்லை. தொழிற்சாலை எவ்வளவு விரைவாகியதோ அவ்வளவுக்குப் பறிப்போர் மிகுதியாக வேண்டப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களாவர்.

இயந்திரம் வேலையை அழிக்காது பெருக்கியமைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லையெனலாம். எனினும் அவ்வாறு பெருகிய வேலை உழைப்பாளிக்கு எதனைத் தந்தது? லயன் அறையும் குறைந்த கூலியுமே அவன் பங்காயின. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவன் உழைப்பு நாட்டுக்கு வேண்டியிருந்தது. அவன் குடியாக வேண்டப்படவில்லை. ஆதலின் வேலை எத்தனை என்னும் கேள்வியோடு, எத்தகைய வேலை, யாருடைய பயனுக்காக என்னும் கேள்வியும் எழுப்பப்பட வேண்டும்.

இன்றைய நிலை

2004இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமொன்று பாலைவனத்தில் நடத்திய போட்டியில், சாரதியற்ற வாகனம் ஒன்றேனும் எல்லையை அடையவில்லை. மறுவருடமே ஐந்து வாகனங்கள் அடைந்தன. 2020இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் சாரதியற்ற வாடகைக் கார்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 2024இல் சீனாவின் வூகான் நகரில் இத்தகைய கார்கள் பெருகியபோது வாடகைக் கார்ச் சாரதிகள் தம் பிழைப்புப் பற்றி முறையிட்டனர். இந்திய மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, சாரதிகளின் வேலைவாய்ப்பைக் காரணங்காட்டிச் சாரதியற்ற கார்களை இந்தியாவில் அனுமதிக்கப்போவதில்லை என 2017இலும் 2023இலும் கூறினார். அதேவேளை டெல்லியில் 2020இலிருந்து ஓட்டுநரற்ற மெட்ரோப் புகையிரதம் ஓடுகின்றது. வீதியில் தடுக்கப்படுவது தண்டவாளத்தில் வரவேற்கப்படுகின்றது.

2025இல் அமெரிக்காவின் டல்லாஸ், ஹியூஸ்டன் நகரங்களுக்கிடையிலான நெடுஞ்சாலையிற் சாரதியற்ற லொறிச் சேவை தொடங்கப்பட்டது. சில வாரங்களுள் கண்காணிப்பாளர் ஒருவர் முன்னாசனத்தில் மீண்டும் அமர்த்தப்பட்டார். 1865ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் வீதியிற் செல்லும் நீராவி வண்டிக்கு முன்னால் செங்கொடி ஏந்திய ஒருவன் நடக்க வேண்டுமென விதித்ததை இது நினைவூட்டுகின்றது. அச்சமும் ஆசையும் ஒருங்கே பயணம் செய்யும் காலம் எக்காலத்திலும் இவ்வாறே இருக்கும் போலும்.

இந்நிகழ்விற் கண்டி வீதியின் வரலாறு மீண்டும் தோன்றுகின்றது. இயந்திரம் முதலிற் கைப்பற்றுவது நெடுவழியையே. வளைவும் மூடுபனியும், குறுக்கே பாயும் முச்சக்கரவண்டியும், பெரஹராக் கூட்டமும் நிறைந்த கண்டி நகரின் வீதிகளை அது கடைசியாகவே அணுகும். ஆயின் அதனால் ஆறுதல் கொள்வதற்கில்லை. நெடுவழி போயின் கிளைவழி எஞ்சும். ஆனால் கிளைவழியிற் பலர் போட்டியிடுவர், கூலி தாழும். இலங்கையிற் பதிவுசெய்யப்பட்ட முச்சக்கரவண்டிகள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. தோட்டத்தை விட்டு வெளியேறிய மலையக இளைஞர் பலருக்கும் அதுவே சீவனோபாயமாகும். அவர்களுட் பலர் வண்டியைக் குத்தகைக் கடனில் வாங்கியோர். 1958இலிருந்து நடைமுறையிலுள்ள ஊழியர் சேமலாப நிதி, தொழில்தருநர் இல்லாத இவர்களைச் சேர்வதில்லை. மூலதனமற்ற வண்டிக்காரனின் நிலையிலேயே இவர்கள் உள்ளனர். கடன் மாத்திரம் மேலதிகமாக உண்டு.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. புகையிரதம் தோற்றுவித்த வேலைகள் கண்டியிலும் நாவலப்பிட்டியிலும் அமைந்தன. பாதையும் நிலையமும் பெயர்த்தெடுத்துச் செல்லக்கூடியன அல்ல. சாரதியற்ற வாகனத்தின் அறிவோ தொலைநாட்டுக் கம்பனிகளின் கணினிகளில் அமைகின்றது. வேலை இங்கே இழக்கப்பட, அதற்கீடான வேலையும் இலாபமும் வேறெங்கோ தோன்றலாம்.

முடிவுரை

இயந்திரத்தை எதிர்ப்பதா, ஏற்பதா என்னும் வினாவுக்குள் இப்பிரச்சினை அடங்குவதன்று. புகையிரதம் வராதிருந்திருப்பின் நன்று என எவரும் இன்று கூறார். வடவீதியில் மாண்டோரை நினைப்போர் சிறப்பாகக் கூறார். 1914இல் தலைமன்னாருக்குப் பாதை திறக்கப்பட்டமை, அக்கொடிய நடைக்கு மாற்றாக அமைந்தது. வீதி விபத்துகள் நாடோறும் உயிர் பறிக்கும் இந்நாட்டில், உறங்காத, மதுவருந்தாத இயந்திரச் சாரதியின் பயனையும் எளிதிற் புறக்கணித்தலாகாது. வினா வேறு. மாற்றத்தின் பயன் ஒரு சாராருக்கும் அதன் விலை மறு சாராருக்குமாகப் பிரியுமிடத்து, அவ்விலையை யார் ஏற்பது?

1867இல் இவ்வினாவை எழுப்புவதற்கு வண்டிக்காரனுக்குச் சங்கமும் இல்லை, வாக்கும் இல்லை. இன்றைய சாரதிக்கு இரண்டும் உண்டு. காலமும் ஓரளவு உண்டு. சுயதொழிற் சாரதிகளுக்கான சமூகப் பாதுகாப்பு, மறுபயிற்சி, புதிய வாகனங்களில் அவர்களது கூட்டுறவு உடைமை ஆகியன பற்றி இயந்திரம் வந்தபின் அன்றி, வருமுன்னரே சிந்தித்தல் வேண்டும். கடுகண்ணாவையில் இன்று புகையிரத அரும்பொருட்காட்சியகம் இருக்கின்றது. பொறியியலாளரின் கோபுரம் இருக்கின்றது. அவ்வேற்றத்தை இரவும் பகலும் ஏறி இறங்கிய வண்டிக்காரனின் பெயரொன்றேனும் அங்கில்லை. அடுத்த மாற்றத்தின் வரலாறும் அவ்வாறே எழுதப்படாமற் காப்பது இத்தலைமுறையின் கடனாகும்.